முளைவிட்ட இரண்டாவது பேஸ்

கையைத் தூக்கியது நானில்லை. பெற்றோர் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள்தான் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "இங்க யாராச்சும் படிக்கிற காலத்துல சாப்ட்பால் விளையாடியிருக்கீங்களா?" என்று ஹெச்.எம். மேடம் கேட்டு வாயை மூடவில்லை, அதற்குள் என் கை மேலே நிற்கிறது. கூட்டமே திரும்பிப் பார்க்கிறது. மகளுடைய கணக்கு மார்க்குக்குத் திட்டு வாங்கத்தான் ஆபீஸில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தேன். திட்டும் கிடைத்தது, கோச் வேலையும் கிடைத்தது.

விஷயம் இதுதான். விளையாட்டு வாத்தியாரை எங்கோ ஆந்திராப் பக்கம் இருக்கிற ஏனாமுக்கு மாற்றிவிட்டார்கள். காரைக்கால் வாத்தியார்களுக்கு அது எழுதிவைத்த தலைவிதி, ஏனாம் இல்லையென்றால் மாகே. அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பெரிய பெண்களெல்லாம் பிளஸ் டூ முடித்துக் காலேஜுக்குப் போய்விட்டார்கள். போன வருஷத்து டீமில் மிஞ்சியது என் மகள் ஒருத்திதான். அவளும் ஆடி மிஞ்சவில்லை, தண்ணி கேன் தூக்கி மிஞ்சினாள். இரண்டு வருஷமாக அக்காமார்களுக்குத் தண்ணி கேன் சுமந்து, அவர்கள் கழற்றிப் போட்ட கிளவ்ஸைப் பொறுக்கி, மைதான ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தவள். இந்த வருஷம் ஒன்பதாவது. அடுத்த வருஷம் பத்தாவது. பத்தாவதில் விளையாட்டு என்று சொன்னால் எங்கள் வீட்டுக்காரர் வாசற்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். ஆக, அவளுக்கு இந்த வருஷம் விட்டால் கிடையாது.

ஹெச்.எம். மேடம் கணக்கு டீச்சர். மைதானத்தில் போகிற ஒரு மணி நேரத்தைப் பார்த்தாலே அவர்களுக்கு வயிறு எரியும். "மூணு மேட்ச் பாப்பேன். அதுல ஒண்ணாச்சும் ஜெயிச்சா டீம் இருக்கட்டும். இல்லன்னா அந்த நேரத்துல ஸ்பெஷல் கிளாஸ் வெச்சிருவேன்," என்றார்கள். என் மகள் என் கையை அப்போதும் விடவில்லை. நகம் பதிந்துவிட்டது.

ஆள் சேர்த்தேன். கோகோவில் கழித்துக்கட்டப்பட்டவர்கள், கபடிக்கு ஒல்லி என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள், விளையாட்டு நேரத்தில் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தி, இப்படி. பட்டினச்சேரியிலிருந்து வரும் பெண் ஒருத்திக்கு மட்டும் பந்து வீசத் தெரிந்தது. அதுவும் எங்கே போகும் என்று அவளுக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது. எல்லாரும் என்னை அத்தை என்றார்கள். மேடம் என்று கூப்பிடச் சொன்னேன். "சரிங்க அத்தை," என்றார்கள்.

பெரிய கஷ்டம் கிரிக்கெட்டால் வந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு டிவியில் பார்த்த கிரிக்கெட்தான் தெரியும். பந்தை அடித்துவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டே ஓடுவார்கள். சாப்ட்பாலில் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, சதுரத்தின் மூலைகளில் கிடக்கும் பேஸ் என்கிற சின்ன மெத்தை ஒவ்வொன்றையும் மிதித்துக்கொண்டே சுற்றி, கடைசியில் ஹோம் பிளேட்டை மிதிக்க வேண்டும். அதுதான் ஒரு ரன். ஒருத்தி அடித்தாள், பந்து காலடியில் உருண்டது, அப்படியே நின்றாள்.

"ஏன்டி ஓடல?"

"பந்து பக்கத்துலதானே அத்தை கெடக்கு. அடுத்த பந்துல பாத்துக்கலாம்."

தலையில் அடித்துக்கொண்டேன். அதையெல்லாம்கூட ஒரு வழியாகத் திருத்திவிட்டேன். பேஸ் விஷயத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் இருந்த கேன்வாஸ் பேஸ்களைக் கரையான் தின்றிருந்தது. புதுசு கேட்டால் ஹெச்.எம். மேடம் மூணு மேட்ச் முடியட்டும் என்பார்கள். நாமே தைத்துக்கொண்டால் என்ன என்று பூவத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்த யூரியா சாக்கைப் பாதியாக வெட்டினேன். விதைநெல் தூற்றியதில் ஒதுங்கிய பதர் ஒரு மூட்டை இருந்தது. அதை உள்ளே போட்டுத் திணித்துத் தைத்தேன். மூன்று பேஸ், மெத்து மெத்தென்று அவ்வளவு அழகாக வந்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுபோனேன்.

முதல் பெண் ஓடினாள், முதல் பேஸை மிதித்தாள். உள்ளே சரசரவென்று சத்தம். நின்றாள், குனிந்தாள், சாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்னடி பண்ற?"

"நெல்லு அத்தை. மிதிச்சிட்டேன்."

"நெல்லு இல்லடி, பதரு!"

"ரெண்டு நல்ல மணியாச்சும் கெடக்கும்ல?"

அடுத்தவளும் மிதித்தாள், கும்பிட்டாள். அதற்கடுத்தவளும். எல்லாம் விவசாயி வீட்டுப் பிள்ளைகள், நடக்கப் பழகும்போதே நெல்லில் கால் பட்டால் தொட்டுக் கும்பிடப் பழகியவர்கள். பட்டினச்சேரிப் பெண் வீட்டில் வயல் கிடையாது, கடல்தான். அவளும் குனிந்தாள். "ஒனக்கு என்னடி?" என்றேன். "எல்லாரும் கும்பிட்டு நான் மட்டும் மிதிச்சா, பாவம் மொத்தமும் எனக்கில்ல வந்துரும்?" என்றாள்.

என் மகள் மட்டும் கும்பிடவில்லை. அவளுக்கு ஆட்டம்தான் கண்ணில் இருந்தது. "ஓடுங்கடி! சாமி கும்பிட வந்தீங்களா, விளையாட வந்தீங்களா?" என்று கத்துவாள். சொல்லிக்கொள்ளக் கூடாது, என் குரல் அப்படியே அவளுக்கு.

அந்த வாரம் இரண்டு நாள் சாயங்காலம் நல்ல மழை. பேஸெல்லாம் வெளியிலேயே ஊறிக் கிடந்தன. நாலைந்து நாள் கழித்து மைதானத்துக்குப் போனால் என் பிள்ளைகள் இரண்டாவது பேஸைச் சுற்றி வட்டமாக நிற்கிறார்கள். பாம்போ கீம்போ என்று பயந்துகொண்டு ஓடினேன். சாக்கின் இடுக்கெல்லாம் பச்சை. பேஸ் முளைத்திருந்தது.

"இத எப்படி அத்தை மிதிக்கிறது? நாத்துல்ல!"

அந்த நேரம் எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மிதிக்காமல் அன்றைக்குப் பயிற்சியை முடித்தோம். மறுநாள் வந்து பார்த்தபோது அந்தப் பிரச்சினை தீர்ந்திருந்தது, ஆடு மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. சாக்கையும் சேர்த்து இழுத்துக் குதறியிருந்தது.

மூன்று பேஸையும் அவிழ்த்துப் பதரைக் கொட்டிவிட்டு ஆற்று மணலை அடைத்தேன். "இப்ப மணலு. வெறும் மணலு. கும்பிட்டீங்க, தொலைச்சிருவேன்," என்று எல்லாருக்கும் கையை விட்டுக் காட்டினேன். தலையாட்டினார்கள். ஓடினார்கள், மிதித்தார்கள், கும்பிட்டார்கள். பழக்கம் பிடித்துக்கொண்டுவிட்டது.

முதல் மேட்ச் டவுனில் ஒரு பெரிய தனியார் பள்ளியோடு. அவர்களுக்கு ஒரே நிறத்தில் ஷூ. எங்களுக்கு ஷூவே ஆளுக்கொரு தினுசு. எப்படியோ எங்கள் பெண் ஒருத்தி இரண்டாவது பேஸ் வரை போய்விட்டாள். நான் துள்ளிக் குதிக்கிறேன். அவள் பேஸைத் தாண்டி ஒரு அடி வைத்து, திரும்பிக் குனிந்து, அதைத் தொட்டு, கையைக் கண்ணுக்குக் கொண்டுபோன நேரத்தில் எதிர் டீம் பெண் பந்தால் அவள் முதுகைத் தொட்டுவிட்டாள். அவுட்.

அம்பயரிடம் சண்டைக்குப் போனேன். பொறுமையான மனுஷன். "மேடம், கால் படணும்னு இல்லங்க, கை பட்டாலும் போதும். கை பேஸ்ல இருந்த வரைக்கும் அந்தப் பொண்ணு சேஃப்புதான். கையை எடுத்துக் கண்ணுல வெச்சுக்கிச்சே, அப்ப பேஸ்ல என்னங்க இருக்கு?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆமா, அது என்ன பண்ணிச்சு?" என்று கேட்டார். "வேண்டுதல்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். வேறு என்ன சொல்ல?

அந்த மேட்சில் எங்களுக்கு ஒரு ரன் கூட வரவில்லை. வீட்டுக்குப் போனதும் என் மகள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து யார் குனிந்தாலும் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும் என்று சட்டம் போட்டேன். ஓடி ஓடிப் பிள்ளைகளுக்கு மூச்சு நன்றாகப் பழகியது, பழக்கம் மட்டும் போகவில்லை. மரத்தடியில் தூங்குகிற பெண் பேரத்துக்கு வந்தாள். "குனியல அத்தை. நின்னுக்கிட்டே கன்னத்துல போட்டுக்கட்டுமா?" நானும் போய்த் தொலையட்டும் என்று சரி சொன்னேன். அதுதான் இரண்டாவது மேட்சில் வினையாய் முடிந்தது. அந்த மேட்ச் சமமாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் எதிர் டீம் பெண் ஓடி வந்து சேர்வதற்குள் இவள் முதல் பேஸை மிதித்துக்கொண்டு பந்தை அழகாகப் பிடித்தாள். பிடித்த கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பந்து கீழே விழுந்தது, அவுட் போச்சு, அவர்களுக்கு ரன் வந்துவிட்டது. தோற்றோம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்காரர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "கும்பிடுற புள்ளைங்களப் போயி கும்பிடாதங்குற. நீ வெளங்குவியா?"

"நீங்க சும்மா இருங்க. உங்க பதருதான் எங்களக் கெடுத்துச்சு."

"என் பதரு பாட்டுக்குக் கொல்லையில கெடந்துச்சு. ஸ்கூட்டியில ஏத்தினது யாரு?"

மகள் எழுந்து கையைக் கழுவப் போய்விட்டாள். "இன்னும் ஒரே மேட்ச் இருக்கு, நீங்க ரெண்டு பேரும் பதருக்குச் சண்ட போடுங்க," என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது. அந்தக் குரல் உடைந்திருந்தது.

மூன்றாவது மேட்ச் கீழவாஞ்சூர் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில். துறைமுகத்து நிலக்கரி லாரிகள் போகிற ரோட்டை ஒட்டிய இடம். காற்று அடித்தால் வெள்ளைக் கோடு சாம்பலாகும், பந்து கறுப்பாகும், நம் பல் மட்டும் வெள்ளையாக இருக்கும். ஹோம் பிளேட் என்பது தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு வெள்ளை ரப்பர் பலகை. அம்பயர் சின்ன பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்துவிட்டு நிமிர்வதற்குள் இன்னொரு லாரி போகும்.

அன்று எங்கள் பிள்ளைகள் ஆடினார்கள் பாருங்கள்! கும்பிட்டார்கள்தான், ஆனால் சீக்கிரமாகக் கும்பிட்டார்கள். பட்டினச்சேரிப் பெண் வீசிய பந்து அவள் நினைத்த இடத்துக்கே போனது. கடைசி இன்னிங்ஸ், நாங்கள் ஆட வேண்டிய முறை, இரண்டு பக்கமும் சம ரன். என் மகள் மூன்றாவது பேஸில் நிற்கிறாள். அவள் ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால் ஜெயித்தோம்.

பட்டினச்சேரிப் பெண் அடித்தாள். பந்து பறக்கவில்லை, தரையோடு உருண்டது. என் மகள் ஓடி வருகிறாள். பந்தை எடுத்து ஹோமுக்கு எறிந்துவிட்டார்கள். பிளேட்டுக்குப் பின்னால் நின்ற கேட்சர் பந்தைப் பிடித்து, பிடித்த கையை வீசி இவளைத் தொடப் பார்த்தாள். இவள் உடம்பை வளைத்து, எகிறித் தாண்டினாள். பந்து படவில்லை.

எங்கள் பிள்ளைகள் "ஹே!" என்று கத்திவிட்டார்கள். நான் கத்தவில்லை. அம்பயர் கையை விரிக்கவும் இல்லை, உயர்த்தவும் இல்லை, சும்மா நின்றார். பள்ளிக்கூட நாளில் நானும் கேட்சர். அம்பயர் சும்மா நின்றால் ஓடி வந்தவளும் பிளேட்டைத் தொடவில்லை, கேட்சரும் அவளைத் தொடவில்லை என்று அர்த்தம். பிளேட் முழுக்கக் கரித்தூள், எங்கும் கால் தடமே இல்லை. இவள் கால் ஒரு சாண் தள்ளி இறங்கியிருக்கிறது.

"திரும்பித் தொடுடி" என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் எதிர் டீம் கோச்சுக்கும் புரிந்துவிட்டது. "தொடு! அவளத் தொடு!" என்று அலறுகிறார். கேட்சர் பெண் பாவம், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரைத் தொடுவது என்று அவரையே பார்க்கிறாள்.

அப்போது என் மகள் நின்றாள். திரும்பி வந்தாள். இரண்டு மாதமாக ஊரையே திட்டிக்கொண்டிருந்தவள், சாமி கும்பிட வந்தீங்களா என்று கேட்டவள், குனிந்து ஹோம் பிளேட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

அம்பயர் இரண்டு கையையும் விரித்தார். "சேஃப்!"

கரித்தூளில் ஐந்து விரலும் பளிச்சென்று பதிந்திருந்தது. நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு கண்ணையும் சுற்றி அப்பியிருந்தது கரி. முந்தானையால் துடைக்கப் போனேன், தலையைச் சிலுப்பிக்கொண்டாள்.

"கால் படலன்னு தெரிஞ்சுதானே திரும்பின? கெட்டிக்காரிடி நீ!"

"படலையா?" என்று வீறிட்டாள். "மிதிச்சிட்டேன்னு நெனச்சில்ல கும்பிட்டேன்!"

"நீதான் கும்பிடவே மாட்டியே?"

"அதுக்குன்னு?" என்றாள். "இத்தன நாளு தள்ளி ஒக்காந்து பாத்த பிளேட்டும்மா அது. மிதிச்சா கும்பிட மாட்டாங்களா?"

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அழுதேன். அதில் என்ன வெட்கம்? ஹெச்.எம். மேடத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நல்லதுங்க. அப்ப கணக்கு கிளாஸக் காலையில எட்டு மணிக்கு வெச்சுக்கறேன்," என்றார்கள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மைதானம் காலி. ஒன்பது பேரும் கூட்டமாகப் பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார்கள். நடுவில் என் மகள், கண்ணெல்லாம் கரியோடு, கையை வீசிக்கொண்டு போகிறாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணி கேன் மரத்தடியிலேயே கிடந்தது. பாதிக்குமேல் தண்ணீர் இருந்தது, நல்ல கனம். கூப்பிட வாயெடுத்தேன், கூப்பிடவில்லை. நானே தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.