தரையில் ஒட்டிய இரண்டு நாடாக்கள்

அந்தோனி அண்ணன் அழைத்தபோது, ஆய்வு மையத்தின் நடைபாதையில் குனிந்து தரையில் நாடா ஒட்டிக்கொண்டிருந்தேன். "ரெஜினா போயிட்டா, பிள்ளை. காய்ச்சல் நெஞ்சுக்குள்ளை இறங்கிட்டுது," என்றார். ரெஜினா அக்கா அவருடைய மனைவி. பாதி ஒட்டிய நாடாவோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த நோர்வேயில், புருசெத்தில் ரெஜினா அக்காவோடு தேவாலயப் பூசைக்குப் போனவர்களுக்கும், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் கூட நின்று வேலை செய்தவர்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஆய்வில் அவர் என்ன செய்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

நரம்புகளைச் சுற்றியுள்ள உறையை உடலே அரித்துவிடும் மல்டிபிள் ஸ்க்ளரோசிஸ் நோய் அவருக்கு இருந்தது. அது மெல்ல மெல்லக் கைகால்களை முடக்குவதைத் தடுக்க முடியுமா என்று ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தோம். தரையில் ஒட்டிய இரண்டு நாடாக்களுக்கு நடுவே ஆய்வில் சேர்ந்தவர்கள் நடக்க வேண்டும். நான் நேரம் குறிப்பேன். பிறகு கேள்விகள். அக்கா விறுவிறுவென்று நடப்பார். மாடிப்படி ஏறச் சிரமமா? "இல்லை." வெளியே போய்வர? "ஒண்டும் பிரச்சினை இல்லை, பிள்ளை." திருநெல்வேலியில் என் அம்மாவும் டாக்டரிடம் இப்படித்தான் சொல்வாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று பூரித்துப்போனேன்.

ஒரு சனிக்கிழமை மீன்குழம்பு சாப்பிடக் கூப்பிட்டார். கதவைத் திறந்ததும், வீட்டுத் தரையில் அதே போல இரண்டு நாடாக்கள். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் ஒரு வாரம் நடந்து பழகியிருக்கிறார். அடுப்பருகே ஒரு முக்காலி கிடந்தது. உட்கார்ந்துதான் சமையல்.

"படி ஏறக் கஷ்டமில்லைன்னு சொன்னீங்களே, அக்கா?"

"நான் படி ஏறுறதை விட்டு ரெண்டு வருஷம். ஏறாட்டி என்ன கஷ்டம்?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. "நான் நல்லா நடந்தாத்தானே மருந்து நல்லதெண்டு எழுதுவியள்? பின்னாலை வாறவைக்குக் கிடைக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேலை செய்யாத மருந்தை நல்ல மருந்துன்னு அவங்களுக்குக் கொடுத்துடுவோம், அக்கா." குழம்பு ஆறிப்போனது.

அடுத்த வாரம் அவராகவே வந்து, தான் செய்வதை விட்டுவிட்ட காரியங்களை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தார். இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. மருந்து அவருக்குக் கைகொடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆய்விலிருந்து எடுத்து வேறு சிகிச்சைக்கு மாற்றினார்கள். "ரெண்டு வருஷத்தை வீணாக்கிப்போட்டன்," என்றார். முன்பே மாற்றியிருந்தால் அவருடைய கால்கள் இன்னும் கொஞ்சம் தாங்கியிருக்குமோ, யாருக்கும் தெரியாது. அவர் மறைத்துவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேள்வி கேட்டவள் நான்.

அதன்பின் நோயாளிகள் சார்பில் ஆலோசகராக, வியாழக்கிழமைதோறும் சக்கர நாற்காலியில் வந்தார். எங்கள் கேள்வித்தாளில் பாதியை அடித்துப்போட்டார். "மீன் வெட்டின கை. வேண்டாததை வெட்டத் தெரியும்." மருத்துவர்கள் நிறைந்த கூட்டத்தில் ஒருநாள் நோர்வேஜிய மொழியில் சொன்னதை என்னிடம் தமிழிலும் சொன்னார்: "செய்ய ஏலுமோ எண்டு கேக்காதையுங்கோ. என்னத்தை விட்டனீங்கள் எண்டு கேளுங்கோ."

மூன்று மணிக்குப் பிளாஸ்க்கைத் திறப்பார். இஞ்சித் தேநீர், இருவருக்கும். நான் வழக்கமாகக் குடிக்கும் பால் டீயைப் பாயாசம் என்று கிண்டல் செய்வார்.

எங்கள் கேள்வித்தாள் இப்போது அவருடைய கேள்வியோடுதான் தொடங்குகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். நேற்று வந்த ஒருவர் வெகுநேரம் யோசித்து, மகளோடு ட்வெய்ட்டா கடைகளுக்குப் போவதை விட்டுவிட்டதாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

அடக்கத்தன்று அந்தோனி அண்ணன், "நீர் எப்படி இருக்கிறீர், பிள்ளை?" என்று கேட்டார். நல்லா இருக்கேன் என்றேன். நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பதிலோடு என்னை விட்டிருக்கமாட்டீர்கள், அக்கா. கேளுங்கள், சொல்கிறேன். வியாழக்கிழமைகளில் தேநீர் குடிப்பதை விட்டுவிட்டேன்.