அப்பாவின் மக்கள் எத்தனை பேர்?

இந்த நினைவு மலரை வாங்கிப் பிரிக்கும் உறவினர்களே, நண்பர்களே, அப்பா மறைந்து ஓராண்டு ஆகியும் என் கோபம் ஆறவில்லை. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

அப்பா பிறந்தது கிள்ளானை அடுத்த ஒரு காப்பித் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீடு ஒன்றில். ஆங்கிலம் படித்து, கோலாலம்பூரில் ஜனன மரண விவரங்களைத் தொகுக்கும் ஓர் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா, ஆனார். லயம் லயமாகப் போய் விசாரித்து எழுதி வந்து அட்டவணை போடுவது அவர் வேலை. "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்பார், சொன்னதை எழுதுவார். முதல் சுற்று முழுவதும் அப்படித்தான் தவறாக எழுதினார்.

காஜாங் பக்கத்தில் ஒரு பெண், "ஒண்ணுதாங்கய்யா" என்றாளாம். பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை. "மூணு குழிக்குள்ள போச்சுங்கய்யா. அதச் சொல்லமாட்டா" என்றாளாம். பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து அப்பா புலம்பினார்.

"என்னைக் கேட்டா மட்டும்? ரெண்டுன்னுதானே சொல்வேன்" என்றார் அம்மா. "போனதச் சொன்னா இருக்கறதுக்கு ஆகாதுன்னு பயம். எத்தன தடவ பெத்தேன்னு கேளுங்க."

அந்தக் கேள்வியோடு அப்பா எல்லாத் தோட்டங்களுக்கும் மறுபடி சைக்கிள் மிதித்தார். பெயர் வைக்குமுன் இறந்த குழந்தைகளுக்கென்று அட்டவணையில் ஒரு பத்தி சேர்ந்தது. மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை, தோட்ட முதலாளிகள் முகம் சுளிப்பார்கள் என்று சிவப்பு மையால் அதை அடித்தார். மீதியைத் தம் பெயரில் அச்சிட்டுக்கொண்டார். பச்சைத் திருட்டு! பெற்றவள் பயந்து மறைத்தாள். இவருக்கு என்ன கேடு?

அப்பா அந்த வேலையை உதறினார். பிறகு ஒரு கல்லூரியின் நிர்வாகத்தைக் கடைசிவரை பார்த்தார். அங்கே நின்றுபோன மாணவன் பெயரைக்கூட, வீடு தேடிப் போய் விசாரிக்காமல் பதிவிலிருந்து அடிக்க விடமாட்டார்.

நோயில் மருந்து கொடுத்த டாக்டருக்கும், நாற்காலியோடு அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டாருக்கும், இந்த மலருக்காக அலைந்த சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி. ஆனால் சித்தப்பா எழுதித் தந்த குறிப்பில் 'மக்கள் இருவர்' என்றிருந்தது. இவ்வளவுதானா என்று அவரைக் கேட்டேன்.

"செத்ததெல்லாம் இப்ப எதுக்கும்மா? நல்லதா நாலு வார்த்தை எழுது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா வீட்டிலேயே அந்தப் பத்தியை அடிப்பதா? தாளை அம்மாவிடம் கொண்டுபோனேன். யார் கேட்டாலும் இரண்டு என்றே சொல்லி வந்த அம்மா, என்னையும் தம்பியையும் ஒருமுறை பார்த்தார்.

"நாலுன்னு போடு" என்றார்.