கட்டிலில் கட்டிய கை

படுக்கப் போகுமுன் எட்வர்ட் வலது மணிக்கட்டில் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையைக் கட்டில் சட்டத்தில் முடிச்சுப் போடுவார். பல்லால் கடித்து ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கிரேனுக்குக் கைகாட்டும் வேலை. முப்பது வருடமாக அவர் கை அசைந்தால்தான் 'மால்' என்று அங்கே சொல்லும் இரும்புச் சுமை ஏறும், இறங்கும். போன வருடம் அந்தக் கை தூக்கத்தில் மனைவி சாராளின் கன்னத்தில் இறங்கிவிட்டது. கனவில் இரும்புக் கட்டு தொங்கியது, கீழே யாரோ நின்றார்கள், காப்பாற்ற அவர்களைத் தள்ளிவிட்டார். அவ்வளவுதான் ஞாபகம். கன்னம் வீங்கியதைப் பார்த்த பக்கத்து வீட்டு கெங்கம்மாள் அதன்பின் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாராள் பாயைக் கூடத்துக்கு எடுத்துப் போனாள். அவள்மேல் தனக்கே தெரியாமல் கோபம் இருக்கிறதோ என்று எட்வர்ட் மருகினார்.

சென்னையில் நரம்பு டாக்டரம்மா இதயத்தைப் படம் எடுக்கச் சொன்னார்.

"அடிக்கிறது கை. படம் இதயத்துக்கா மேடம்?" என்றாள் சாராள்.

"கனவுல செய்யறத கை நெசமாவே செய்யற இந்தத் தூக்கக் கோளாறு பல பேருக்குப் பின்னால பார்க்கின்சனா மாறும்மா. அதோட தடயம் இதயத்து நரம்புல முன்னாடியே தெரியும்."

படம் எடுக்கும் அன்று, மருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று எட்வர்ட் சொல்லிவிட்டு மூன்று தும்மல் போட்டார்.

"சளிக்கு?" என்றார் படம் எடுப்பவர்.

"கம்பெனி பொட்டியில குடுக்கிற மாத்திரதான் சார். அது மருந்தா?"

சில சளி மாத்திரை படத்தையே மாற்றிவிடுமாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"கம்பெனியில குடுத்தா உனக்கு மாத்திரயும் மிட்டாயும் ஒண்ணுதான்," ரயில் கவரைப்பேட்டை வரும்வரை சாராள் விடவில்லை.

பதினைந்து நாள் கழித்து ஊசி போட்டு ஒரு படம், நாலு மணி நேரம் கழித்து இன்னொன்று. இதயம் ஒளிர வேண்டிய இடம் மங்கலாக இருந்தது.

"பார்க்கின்சன் வரலாம். வருஷக்கணக்கா ஆகலாம். இப்ப நடுக்கம் இல்ல, நடையும் சரியா இருக்கு. ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி வாங்க."

"அப்ப நான் இவள கோவத்துல அடிக்கலயே மேடம்?"

"நோய்தாங்க அடிச்சது."

பயம் இல்லாமலில்லை. ஆனாலும் எட்வர்ட் அன்று இரண்டு டீ குடித்தார்.

ஞாயிறு மதியம் கிரேன் ஓட்டும் அன்புராஜ் சாப்பிட வந்தான். "நான் சொல்லிக் குடுத்தது இன்னும் வேல செய்யுதா அக்கா?" என்று கேட்டான். சாராள் குழம்பு எடுக்க ஓடினாள். அப்புறம் அன்புராஜ் சொல்லித்தான் எட்வர்ட்டுக்குத் தெரிந்தது: எட்டு மாதமாக அவர் தூங்கியதும் அவள் பாயைக் கட்டில் அருகே கொண்டுவந்திருக்கிறாள். அவர் கத்தும்போதெல்லாம், சுமை பத்திரமாக இறங்கியதும் கிரேனிலிருந்து அன்புராஜ் கூவுவது மாதிரியே, "மால் எறங்கிடிச்சி அண்ணே!" என்றிருக்கிறாள். அவரும் கை தளர்ந்து தூங்கியிருக்கிறார்.