ஒரு அடி பின்னால் நின்ற அம்மா

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு தை மாதக் காலை. மைசூரு தேவராஜ மொஹல்லாவில் சந்துக்குள் இருக்கும் ஒரு பழைய கல்யாணச் சத்திரம். வாரமெல்லாம் எனக்குத் தொழிற்சாலை வேலை, விடுமுறையில் கல்யாண போட்டோ. அன்றைக்கு என் கேமராவில் புத்தம் புது 1.2 லென்ஸ். ஒரு குத்துவிளக்கு எரிந்தால்கூடப் போதும், படம் பளிச்சென்று வந்துவிடும். மூன்று வருடம் ஆசைப்பட்டு வாங்கியது. தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்!

மணப்பெண்ணின் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம். அப்பா இல்லை. அம்மாதான் அடுத்தவர் காட்டில் களை வெட்டிப் படிக்க வைத்தவர். தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தபோதே அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, எங்கம்மா போட்டோல நல்லா தெளிவா வுழோணும். அவங்களா முன்னால வரமாட்டாங்க. நீங்கதான் பாத்துக்கோணும்."

"அதெல்லாம் ஜம்முனு வரும்மா" என்றேன்.

கன்னிகாதானம் செய்து கொடுத்தது சித்தப்பாவும் சித்தியும். கணவரை இழந்தவர் என்பதால் அம்மா மணமேடையில் ஒரு அடி பின்னால் நின்றார். யாரும் தள்ளவில்லை, அவராகவே போய் நின்றுகொண்டார். மேடை இருட்டாக இருக்கிறதென்று சித்தப்பா ஒரு ஃபோகஸ் லைட்டைக் கொண்டுவந்தார். "லைட்டெல்லாம் எதுக்குங்க, அழகே கெட்டுடும்" என்று திருப்பி அனுப்பினேன்.

இந்த மாதிரி லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தால், கிட்டத்தில் எடுக்கும்போது நாலு விரல் ஆழத்துக்குத்தான் படம் துல்லியமாக இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் கரைந்துவிடும். தெரியாதவன் இல்லை நான். அந்தக் கரைசல் அழகுக்காகத்தான் லென்ஸையே வாங்கினேன். மணப்பெண்ணின் கண்ணைப் பிடித்துப் பிடித்து எடுத்துத் தள்ளினேன். லைட்டைப் போட்டு லென்ஸைக் கொஞ்சம் மூடினால் பின்னால் நிற்பவர்களும் தெளிவாக விழுவார்கள்; குரூப் போட்டோவில்கூட அதற்கு மனசு வரவில்லை. கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே ஜோராகத் தெரிந்தது.

வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண்ணின் இமை முடியை எண்ணிவிடலாம். பின்னால் அம்மா இருந்த இடத்தில் வெறும் பச்சைச் சேலை நிறம். முகமே இல்லை. ஒரு படத்தில்கூட இல்லை.

அப்படியே ஆல்பம் போட்டு, பஸ் ஏறி ஹனூருக்குக் கொண்டுபோனேன். பெண்ணும் வந்திருந்தாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். தாலி கட்டும் படத்தில் நிறுத்தி, முந்தானையால் தாளைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நாந்தான் ஆடிப்போட்டனாட்ட இருக்குது தம்பி."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை. சொன்னேனா?

"ஆமாங்கம்மா, லேசா அசைஞ்சுட்டீங்க."

"ஒரு நிமிசம் ஆடாம நிக்க மாட்டயாம்மா நீ?" என்று பெண் கண்கலங்கிக் கோபித்துக்கொண்டாள். குற்றம் செய்தவர் மாதிரி அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கொடுத்த காபியையும் வெட்கமில்லாமல் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போதெல்லாம் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் கேமராவைத் தூக்குகிறேன். அதனால் அந்த அம்மாவுக்கு என்ன பிரயோஜனம்? அவருக்குப் பேச்சு தமிழ் என்றாலும், படிக்கத் தெரிந்தது கன்னடம் மட்டும்தான். இதை இவ்வளவு தைரியமாக நான் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்கே தெரியும். ஹனூர் பஸ் கண்ணில் படும்போதெல்லாம், "நீங்க அசையவே இல்லீங்கம்மா" என்று நேரில் போய்ச் சொல்ல இன்னும் துணிவு வராததை நினைத்துக் கூசிப்போகிறேன்.