மூன்று மாடி ஏறினார் மேஸ்திரி

வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியில் மேஸ்திரியைக் 'கிரேன்' என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடம் பீரோவும் பிரிட்ஜும் சுமந்த உடம்பு. ஒரு நாள் சோபாவை மாடிப்படி வளைவில் திருப்பும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. தாங்கிப் பிடித்து வீட்டில் கொண்டு வந்து விட்டவன் மச்சினன், மனைவியின் தம்பி. கையைக் காலைப் பிடித்து அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான்.

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். "படுத்தே கிடந்தா இடுப்பு இறுகிடும். தினமும் நடங்க, கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. ஆறு வாரத்துக்கு எடை மட்டும் தொடாதீங்க."

முதல் நாள் கக்கூசுக்குப் போகவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் தெருமுனை. சாயங்காலம் மச்சினன் கூடவே நடப்பான்.

"மாமா, அந்தப் பாட்டி நம்மள முந்திட்டாங்க."

"முந்தட்டும்டா. அவங்க என்ன பீரோவா தூக்குனாங்க?"

நான்காவது வாரம் பக்கத்துக் கட்டடத்தில் மூன்று மாடி ஏறி இறங்கினார். வலி இல்லை. மச்சினன் கை தட்டினான்.

"உங்க அக்காகிட்டகூட சொல்லாத. குதிப்பா."

மறுநாளே சூப்பர்வைசர் கூப்பிட்டனுப்பினார்.

"இடுப்பு வலின்னு லீவு. நேத்து மூணு மாடி ஏறுனீங்களாமே?"

மேஸ்திரி டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினார். "நடந்தாத்தான் சார் மறுபடி தூக்க முடியும். இன்னும் ரெண்டே வாரம்."

"மாடி ஏறத் தெரியுது, தூக்கத் தெரியாதா? நாளைக்கு ஒரு பியானோ இருக்கு. வந்தா வாங்க. இல்லேன்னா உங்க மச்சினன்தான் மேஸ்திரி. கேட்டாச்சு, சரின்னுட்டார்."

பியானோவைத் தொட்டால் இடுப்பு அதோடு சரி. வேலை போனால் வேறு தேடலாம், இடுப்பை எங்கே போய்த் தேடுவது? சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

"அவனையே போட்டுக்கோங்க சார்."

சாயங்காலம் மச்சினன் வழக்கம்போல வந்து நின்றான். "கிளம்பலாமா மாமா?"

"மூணு மாடி கணக்கை சூப்பர்வைசர்கிட்ட யாருடா சொன்னது?"

அவன் தன் செருப்பைப் பார்த்தான். "நீங்க தேறிட்டீங்கங்கிற சந்தோஷத்துல வாய் தவறி..."

"மேஸ்திரி வேலைக்குச் சரின்னதும் வாய் தவறித்தானா?"

அவன் ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவன் மாதிரிச் சொன்னான்: "அக்காவையும் பிள்ளைங்களையும் நான் பார்த்துக்கறேன் மாமா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

இடுப்பு பிடித்த அன்றுகூட அவருக்கு இப்படி வலிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பின்னாலேயே வந்த காலடிச் சத்தத்தைக் கேட்டு நின்றார்; திரும்பவில்லை.

"நீ வீட்டுக்குப் போ."