மைக்ரோமீட்டரை விற்கப் போன வெள்ளிக்கிழமை

கப்பலூரில் நான் லேத்தில் இரும்பு கடையும் டர்னராக இருந்த யூனிட்டை மூடியபோது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. "ஆர்டர் இல்லப்பா, இதுக்கு மேல என்னால இழுக்க முடியாது" என்றார் முதலாளி. லேத்தைத் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு வில்லாபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

அடுத்த மூன்று மாதம் அலைந்தேன். போன இடத்திலெல்லாம், "சிஎன்சி தெரியுமா பாய்?" என்று கேட்டார்கள். கம்ப்யூட்டரில் ஓடும் அந்த மெஷின் எனக்குத் தெரியாது. தொழுகையை விடவில்லை, ஆனால் துஆவுக்குக் கையேந்தினால் கோபம்தான் வந்தது. என் மனைவி ஃபாத்திமா மட்டும் அசரவில்லை. "படைச்சவன் மறக்க மாட்டான்" என்பாள், கஞ்சியை ஊற்றிக்கொண்டே.

ஒரு வெள்ளிக்கிழமை அரிசி டப்பா காலி. லேத்தில் கடைந்ததை அளக்க நான் சொந்தமாக வைத்திருந்த மைக்ரோமீட்டரைத் துணியில் சுற்றினேன்.

"இதை வித்துட்டு வாரேன்."

"நாளைக்கு யாராச்சும் வேலைக்குக் கூப்பிட்டா எதை வச்சு அளப்பீக?"

"யாரு கூப்பிடப் போறா?"

"ஜும்ஆ தொழுதுட்டுப் போங்க. அம்புட்டுத்தான் நான் கேக்குறது" என்றாள்.

தொழுதேன். மனம் ஒட்டவில்லை. அங்கிருந்து டவுனில் பழைய டூல்ஸும் மெஷின் சாமானும் வாங்கி விற்கும் கடைக்குப் போய் மைக்ரோமீட்டரை நீட்டினேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் தோளில் ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டும் கையில் அதில் மாட்டும் பேரிங்குமாக வந்தார். டி. கல்லுப்பட்டியில் மாவு மில் வைத்திருப்பவர்.

"அண்ணே, காலைல ஒங்ககிட்ட வாங்குன ஷாஃப்ட்ல பேரிங் ஏற மாட்டேங்குது. மில்லு ரெண்டு நாளா நிக்குது. எந்த லேத்துல கேட்டாலும் திங்கக்கிழமை வாங்கன்னுறாக."

விற்க வந்ததை மறந்து கடைக்காரர் கையிலிருந்து மைக்ரோமீட்டரை வாங்கி, ஷாஃப்ட்டை அளந்தேன். "பேரிங் ஓட்டையை விட ஒன்னரை எம்.எம். கூட இருக்கு. லேத் கெடைச்சா ஒரு மணி நேர வேலை."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க டர்னரா பாய்? பின் தெருப் பட்டறைல இருந்த டர்னர் வேலையை விட்டு நின்னுட்டான். லேத் சும்மாதான் கெடக்கு. நான் போன் போட்டுச் சொல்றேன்."

பட்டறைக்குப் போனோம். ஒவ்வொரு முறை சீவியதும் மைக்ரோமீட்டரால் அளந்து பார்த்தேன். கடைசியில் மரச்சுத்தியால் லேசாகத் தட்டியதும் பேரிங் போய் உட்கார்ந்தது. மில்காரர் என் கையைப் பிடித்துக் கூலியைத் திணித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பட்டறை முதலாளி கேட்டார்: "நாளைக்கு எத்தனை மணிக்கு வாரீக?"

"ஒன்பது" என்று மட்டும் சொன்னேன்.

அரிசியோடு வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். ஃபாத்திமா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மூன்று மாதத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"எனக்கும் பயம்தாங்க. வெளிய சொன்னா நீங்களும் ஒடைஞ்சு போயிருவீகன்னு படைச்சவன்கிட்ட மட்டும்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அந்தப் பட்டறையில்தான் ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்தேன். ஐடிஐ முடித்து வேலை தேடும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்று உண்டு. இறைவனை நம்புகிறவர்களுக்குப் பயம் இருக்காது என்று நினைத்திருந்தேன். பயத்தோடும் நம்பலாம் என்பது எனக்கு ஐம்பத்திரண்டு வயதில், என் வீட்டுக்குள்ளேயே தெரிந்தது.