அண்டாவும் மொட்டைமாடித் தண்ணீரும்

ஒரகடத்தில் லாரிகளுக்கு ரேடியேட்டர் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. சூட்டைத் தணிப்பது எப்படி என்று புது ஆட்களுக்கு வகுப்பெடுப்பவனே நான்தான். அப்பேர்ப்பட்டவனுக்கு வீட்டில் ஓர் அண்டாவை ஆறவைக்கத் தெரியாது என்றால் யாராவது நம்புவார்களா? என் மனைவி நம்பினாள்.

வீட்டிலேயே பீர் போட ஆசைப்பட்டேன். முளைகட்டிய பார்லியை ஊறவைத்து வடித்த சாற்றைக் கொதிக்கவிட்டு, சட்டென்று ஆறவைத்து ஈஸ்ட் போட வேண்டும். சூட்டோடு போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். தானாக ஆறட்டும் என்று விட்டால் சாறு கெட்டுவிடும். எனக்கு இரண்டு முறை புளித்தது.

"இதான் கடைசி. இதுவும் புளிச்சா அண்டா என் பிரியாணிக்கு வந்துடணும்" என்றாள் அவள். அண்டா அவள் அம்மா வீட்டுச் சீர். பீர் என்றால் அவளுக்குக் குடி; கிறிஸ்துமஸுக்கு அவள் போடும் திராட்சை ஒயின் மட்டும் குடியில் சேராதாம்!

மே மாத ஞாயிறு. அவள் சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தாள். ஏசி மெக்கானிக்கிடம் வாங்கிய செம்புக் குழாயைச் சுருட்டிச் சாற்றில் இறக்கி, அதற்குள் தண்ணீரை ஓடவிட்டேன். ஈஸ்ட் போட இருபது டிகிரிக்காவது வர வேண்டும்; மளமளவென்று இறங்கிய சூடு நாற்பத்தைந்தில் அடம்பிடித்து நின்றது. சூடு இறங்கவில்லையா, ஃப்ளோவைக் கூட்டு. கம்பெனியில் அதுதான் பாடம். முழுசாகத் திறந்தேன். சூடு அசையவில்லை. கடைசியில் தண்ணீரே நின்றுபோனது.

மொட்டைமாடிக்கு ஓடி, காலியாகிக் கிடந்த கருப்புத் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டேன். கை சுட்டது. கம்பெனியில் தண்ணீரைக் குளிரவைத்து அனுப்ப ஒரு மெஷின் உண்டு. என் வீட்டில் வெயில்தான் உண்டு. வெந்நீரை ஊற்றி ஆறவைத்திருக்கிறேன், மடையன்.

அவள் மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். "இன்னாங்க இது, வூட்ல ஒரு சொட்டு தண்ணி இல்ல!"

"சூடு இறங்கலம்மா." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மீன் கடையில ரெண்டு கூடை ஐஸ் வாங்கினு வாங்க, ஓடுங்க."

துணி ஊறவைக்கிற டப்பில் அண்டாவை இறக்கி, சுற்றிலும் ஐஸைக் கொட்டி, கல்லுப்பைத் தூவினாள். அரை மணி நேரத்தில் சாறு ஆறிவிட்டது.

மூன்று வாரத்தில் தயாரான பீர் பிரமாதம். குடித்துப் பார்த்த ஷிப்ட் நண்பர்கள் எப்படி ஆறவைத்தாய் என்று கேட்டார்கள். செம்புக் குழாயைப் பற்றி ஆரம்பித்தேன்.

"மீன் கடை ஐஸு" என்றாள் சமையலறையிலிருந்து. "அடுத்த தடவை நானே போடுறேன். நீங்க தண்ணி லாரிக்கு போன் பண்ணா போதும்."

அண்டா பிரியாணிக்குப் போகவில்லை. எனக்கும் திரும்பி வரவில்லை.